கஞ்சியும் குளிசையும்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூன் மாதம் இரண்டாம் கிழமை. கச்சான் காற்று நெருப்பாக அடித்துக்கொண்டிருந்தது. உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஓட்டோவில் வந்த 58 வயது அம்மா ஒருவர், உணவு ஆலோசனைக்காக என் முன்னால் இருந்ததும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இரத்தப் பரிசோதனை அறிக்கை பையின் அடியில் நாலாக மடிந்து கிடந்தது. இந்தத் தாள் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

"இதை ஒருக்கா வாசியுங்கோ மிஸ். என்ர மண்ணீரல் பழுதாம்."

மகளின் கையெழுத்து. "மண்ணீரல் பலவீனம். உடம்பில் ஈரம் கூட. குளிர்ந்த சாப்பாடு, பச்சை மரக்கறி வேண்டாம். காலையில் நல்லாக் குழைந்த வெள்ளை அரிசிக் கஞ்சி. இஞ்சி சேர்க்கவும். நண்டு கூடாது. மருந்துப் பொட்டலம் நாளுக்கு ஒன்று அவித்துக் குடிக்கவும்." அவ்வளவுதான்.

இந்தத் தாளோடு அடுத்த ஐந்து மாதம் நாங்கள் இருவரும் பட்ட பாட்டையே இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்களில் இப்படியான தாள்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றைக் கண்டதும் கிழித்துப் போடுகிறவர்களும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறவர்களும் உண்டு. நான் முதலில் கிழிக்கிற பக்கம் நின்றவள்.

பின்னணி

அம்மாவுக்கு நீரிழிவு வந்து ஒன்பது வருடம். பிரஷரும் உண்டு. சீனிக்கு மெட்ஃபோர்மின் குளிசையோடு, சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றுகிற பிரஷர் குளிசை ஒன்றும் எடுக்கிறார். கணவர் முன்பு கடலட்டைக்குச் சுழியோடியவர், இப்போது முழங்கால் வருத்தத்தோடு வீட்டில் இருக்கிறார். மகள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். பேத்தி பிறந்தபோது பிள்ளைப்பேறு பார்க்க ஒக்டோபரில் போன அம்மா, பனிக்காலம் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டு மார்ச் கடைசியில்தான் திரும்பினார்.

ஸ்காபரோவில் எங்கள் ஆட்களும் சீனரும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் சாமான் வாங்குகிறவர்கள். அப்படி ஒரு கடைத்தெருவில்தான், கண்ணாடிப் போத்தல் நிறையக் காய்ந்த கடலட்டையை அம்மா கண்டிருக்கிறார். விலையைப் பார்த்து அதிர்ந்து போனாராம். "இவர் மூச்சடக்கி எடுத்துக் குடுத்த சாமான் பிள்ளை. நாங்கள் ஒருநாளும் வாயில வைச்சதில்லை. அங்க அதை மருந்துச் சாப்பாடு எண்டு வைச்சிருக்கினம்." உண்மைதான். சீன மொழியில் கடலட்டைக்குப் பெயரே கடல் ஜின்செங் (ஜின்செங் பேர்போன மருந்து வேர்) என்ற பொருளில்தான் வரும்.

அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சீன மருத்துவர். ஒன்ராறியோ மாகாணத்தில் சீன மருத்துவம் 2006இல் வந்த சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். ஆகவே அவர் பதிவு பெற்ற மருத்துவர்தான், தெருவோரத்து ஆள் இல்லை. அம்மாவுக்குச் சில மாதமாக வயிறு ஊதல், களைப்பு, மலம் இளகிப் போதல். மகள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மருத்துவர் இரண்டு கை நாடியையும் நேரமெடுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நாக்கின் ஓரத்தில் பல் தடம் பதிந்திருப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினார். "என்ர நாக்கை ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை" என்று அம்மா சொன்னபோது குரல் கொஞ்சம் மாறியது. அந்த மாற்றத்தை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

முதல் சந்திப்பில் நான் விட்ட பிழை

நான் பார்த்தது எண்களை. வெறும் வயிற்றுச் சீனி 172. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6. உயரம் 152 செ.மீ., நிறை 71 கிலோ, ஆக உடற்திணிவுச் சுட்டி 30க்கு மேல். ஆசிய உடம்புக்கு 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு கூட்டிய நிபுணர்கள் சொன்ன கணக்கு. அப்புறம் தாளைப் பார்த்தேன். வெள்ளை அரிசியைக் குழையக் காய்ச்சினால் மாப்பொருள் நன்றாக இளகிவிடும், குடலில் மறிப்பதற்கு ஒன்றும் இருக்காது, சீனி விறுவிறு என்று ஏறும். நீரிழிவு உள்ளவருக்குக் காலையில் முதல் சாப்பாடாக அதைச் சொல்வதா என்று எனக்குக் கோபமே வந்தது. தாளில் கஞ்சி என்ற வரியைப் பேனாவால் வெட்டினேன். வழக்கமான உணவுத் திட்டத்தைக் கொடுத்தேன்: அளந்த சோறு, பச்சை மரக்கறிச் சலாது, வெள்ளரிக்காய், சீனி போடாத தயிர்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்று கிழமை கழித்து வந்தபோது காலையில் சீனி 180ஐத் தாண்டியிருந்தது. சலாதை ஒருநாள் மட்டும் சாப்பிட்டதாகவும், அன்று வயிறு கடபுட என்றதால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். கஞ்சியை நிறுத்தவே இல்லை. நான் கொடுத்த பட்டியலில் இருந்த பாதிச் சாமான் அந்தத் தாள் கூடாது என்று சொன்ன குளிர்ந்த, பச்சைச் சாப்பாடு. தன் நாக்கைப் பார்த்தவரின் சொல்லா, எண்ணைப் பார்த்தவளின் சொல்லா என்று வந்தபோது அவர் நாக்கைப் பார்த்தவரை நம்பினார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்துக் கேள்விகள்

அந்த இரவு நான் சீன மருத்துவத்தின் விசாரணை முறையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சீனாவின் மிங் ஆட்சிக் காலத்து மருத்துவர் சாங் ஜியேபின், 1563இல் பிறந்தவர், நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றைப் பத்துக் கேள்விகளாக வகுத்து வைத்தார். குளிரா சூடா, வியர்வை எப்படி, தலையும் உடம்பும் எப்படி, மலசலம் எப்படி, சாப்பாடு, நெஞ்சு, காது, தாகம் என்று அது போகும். இன்றும் அதைப் பாட்டுப் போல மனனம் செய்கிறார்கள். எங்கள் சித்த வைத்தியர்கள் எட்டு வகைத் தேர்வில் நாடி, நா, மலம், மூத்திரம் எல்லாம் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் வேறு, சாடை ஒன்று.

அடுத்த சந்திப்பில் உணவைப் பற்றி நான் பேசவே இல்லை. அந்த ஒழுங்கில் கேட்டுக்கொண்டு போனேன். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இரண்டு பதில்கள் எல்லாவற்றையும் மாற்றின.

ஒன்று மலம். எப்போதிருந்து இளகிப் போகிறது? அவர் யோசித்தார். கனடாவுக்குப் போக முன்னமே. எவ்வளவு முன்னம்? மகளின் வளைகாப்புப் படங்கள் வந்த நேரம், அதாவது ஆகஸ்ட். கிளினிக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். ஆகஸ்டில்தான் மெட்ஃபோர்மின் அளவு கூட்டப்பட்டிருந்தது. மெட்ஃபோர்மின் வயிற்றை இளக்குவது, ஊத வைப்பது எல்லாரும் அறிந்த பக்கவிளைவு, அதுவும் வெறும் வயிற்றில் போட்டால். "சாப்பாட்டுக்கு முன்னமா, பின்னமா போடுறியள்?" "முன்னம். ஆனா..." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எல்லா நாளும் போடுறேல்லைப் பிள்ளை. கோயிலுக்குப் போற நாளில, பஸ்ஸில போற நாளில விட்டுடுவன். வழியில வயித்தைக் கலக்கினா எங்க போறது?"

அந்தக் கணத்தில் நான் மிஸ் இல்லாமல் பிள்ளையாகிவிட்டதையும் கவனித்தேன்.

கிழமையில் மூன்று நான்கு நாள் குளிசை இல்லை. சீனி ஏன் இறங்கும்? ஸ்காபரோ மருத்துவர் மலத்தைப் பற்றிக் கேட்டு, மண்ணீரல் பலவீனம் என்று பெயர் வைத்தார். கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது யாரும் அதைக் கேட்கவில்லை. முதல் தரம் நானும் கேட்கவில்லை. கேள்வி சீன மருத்துவத்திலிருந்து வந்தது, அதற்கான விளக்கம் மேற்கத்தைய மருந்தியலில் கிடந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இந்த அம்மா இன்னும் ஒரு வருடம் பஸ் ஏறும் நாளில் குளிசையை விட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இரண்டாவது பதில் காலைப் பற்றியது. இரவில் கெண்டைக்காலில் இறுக்கிப் பிடிக்கிறதாம். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன், குழி விழுந்தது. பிரஷர் 162க்கு 96. கனடாவுக்குப் போக முன் 130களில் இருந்ததாகக் கொப்பி சொன்னது. தாளில் இருந்த கடைசி வரி அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அம்மா, அந்தப் பொட்டலம் இன்னும் குடிக்கிறீங்களா?" "ஓம். மகள் மூண்டு மாதத்துக்குக் கட்டித் தந்தவ, முடிய முடிய தபாலில அனுப்புறா."

பொட்டலம்

அடுத்த நாள் ஒரு பொட்டலத்தைக் கொண்டு வரச் சொன்னேன். மேசையில் வீரகேசரித் தாளை விரித்து அதன் மேல் கொட்டினோம். சுருண்டு காய்ந்த தோடம்பழத் தோல் மாதிரி ஒன்று, மணமே சொன்னது. சிவந்த சின்னப் பழங்கள், முந்திரிகை வற்றலை விடச் சிறியவை. வெள்ளையாக, சோக்குக்கட்டி போலப் பொடி உதிர்கிற துண்டுகள். அப்புறம் வெளியில் மண்ணிறமும் உள்ளே மஞ்சளுமாக, நாணயம் போலச் சரிவாக வெட்டிய வேர்த் துண்டுகள். அந்த மஞ்சள் வேரில் ஒன்றை நுனிநாக்கில் வைத்தேன். வைத்த உடனேயே தெரிந்துவிட்டது. சீனியை விட ஆழமான, தொண்டை வரை போய் நிற்கிற இனிப்பு. சின்ன வயதில் இருமலுக்கு அம்மம்மா வாயில் அடக்கச் சொன்ன அதே அதிமதுரம்.

மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூலிகைப் பட்டியலும் அதையே உறுதி செய்தது. சீனத்தில் அதன் பெயருக்கு இனிப்புப் புல் என்று பொருள். மற்ற மூலிகைகளை ஒன்றோடொன்று இணக்கப்படுத்தும் என்று ஏராளமான சீன மருந்துக் கலவைகளில் சேர்க்கிறார்கள். எங்கள் நாட்டு மருந்துக் கடையிலும் அதே இனத்து வேர்தான் சாக்கில் இருக்கிறது. போதாததற்கு அம்மா தொண்டை கரகரப்புக்கு அதையும் தனியாக வாங்கி மென்றுகொண்டிருந்தார். இரண்டு மரபிலிருந்தும் ஒரே வேர் ஒரே உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் செயலிழக்க வைக்கும் நொதியைத் தடுக்கிறது. அப்போது கோர்ட்டிசோல், உப்பைப் பிடித்து வைக்கிற அல்டொஸ்டிரோன் என்ற ஹோர்மோன் போல வேலை செய்யத் தொடங்கும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் வேண்டாம் என்று எல்லை வைத்திருக்கிறது. நல்ல வேரில் சில கிராம் போதும் அதைத் தாண்ட. இந்த அம்மா எடுக்கிற பிரஷர் குளிசையும் பொட்டாசியத்தை வெளியேற்றுகிற வகை. இரண்டும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன.

நான் வைத்தியர் இல்லை. அன்று பின்னேரமே கடிதம் எழுதி, பொட்டலத்தின் பட்டியலையும் இணைத்து, அவரை வைத்தியரிடம் அனுப்பினேன். இரத்தத்தில் பொட்டாசியம் 3.1. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். வைத்தியர் பொட்டலத்தையும் அதிமதுரத்தையும் நிறுத்தச் சொன்னார், பொட்டாசியத்துக்கு மருந்து கொடுத்தார். மெட்ஃபோர்மினை மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு போடச் சொன்னார். நெடுநாள் மெட்ஃபோர்மின் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைய வாய்ப்பு உண்டு என்பதால் அதையும் பார்க்கக் கேட்டுக்கொண்டேன்.

மூலிகை, இயற்கை, ஆகவே பழுதில்லை என்ற நம்பிக்கையை நான் மதிக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரத்து மெலிவுச் சிகிச்சை நிலையம் ஒன்றில் மேற்கத்தைய மருந்தோடு சீன மூலிகைப் பொடியும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெயர் ஒத்த இரண்டு மூலிகைகள் மாறிப்போய், அரிஸ்டோலோக்கியா இனச் செடி உள்ளே வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதடைந்தது. சிறுநீரக நோய் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எங்கள் மாவட்டத்துப் பதவி சிறிபுரப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு மருத்துவத்தைச் சேர்க்கும்போது பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது இரண்டு பக்கத்து மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் சேர்க்கக் கூடாது.

மண்ணீரல் என்ற சொல்

இடையில் ஒரு வேதனையான விஷயமும் வெளியில் வந்தது. மண்ணீரல் பழுது என்று பயந்து, ஊருக்கு வந்ததும் குடும்பம் காசு கட்டி வயிற்று ஸ்கான் எடுத்திருக்கிறது. மண்ணீரல் நன்றாகத்தான் இருந்தது. அப்போதும் பயம் தெளியவில்லை, ஸ்கானுக்கு அகப்படாத வருத்தமாக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

சீன மருத்துவத்தில் 'பி' என்று சொல்வதை ஆங்கிலத்தில் மண்ணீரல் என்று மொழிபெயர்த்துவிட்டார்கள், அங்கிருந்து தமிழுக்கு அப்படியே வந்துவிட்டது. அவர்கள் சொல்வது இடது விலாவுக்குக் கீழே இருக்கிற உறுப்பை மட்டும் அல்ல. சாப்பிட்டதை மாற்றி, சத்தாக்கி, உடம்பு முழுக்க அனுப்புகிற செயல் அது. அது தளர்ந்தால் ஊதல், களைப்பு, இளகல், நாக்கு தடித்துப் பல் தடம் பதிதல் என்று கணக்கு. எங்கள் சொல்லில் இதற்குக் கிட்டவாக வருவது மந்தம். சமிபாட்டுத் தீ மந்தித்துப் போச்சு என்று சித்த வைத்தியர் சொல்வாரே, அதுதான்.

"மந்தமா? அதை அப்பவே சொல்லியிருக்கலாமே!" அம்மாவின் முகத்தில் அன்றுதான் பயம் இறங்கியது. மந்தம் வந்து போவது, மண்ணீரல் பழுது சாகும் வரைக்கும் கூட இருப்பது. ஒரு சொல்லால் ஒரு வீடு மூன்று மாதம் நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு வைத்தியத் தாள் எழுதி அனுப்புகிற பிள்ளைகள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

கஞ்சிக்குத் திரும்பினோம்

ஜூலை நடுப்பகுதி. பொட்டலம் போய்விட்டது, குளிசை ஒழுங்காகிவிட்டது. இனிச் சாப்பாடு. நான் வெட்டிய வரியை நானே திரும்ப எழுத வேண்டியிருந்தது.

கஞ்சி எங்கள் சொல். ஆங்கிலத்தில் சீனரின் அரிசிக் கூழுக்கு வைத்திருக்கிற பெயரே தமிழ்க் கஞ்சியிலிருந்து போனதுதான். உலகம் சுற்றி அது திருகோணமலைக்குச் சீன மருந்தாகத் திரும்பி வந்திருக்கிறது. சூடாக, மென்மையாக, இளக்கமாகக் காலையில் ஏதாவது வயிற்றுக்குப் போக வேண்டும் என்கிற சீன முறையின் நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ், முதலில் உணவால் பார், அது சரிவராவிட்டால் மட்டும் மருந்துக்குப் போ என்று சொன்னதிலும் சண்டை இல்லை. சண்டை வெள்ளை அரிசியோடு. ஒரு சாப்பாடு சீனியை எவ்வளவு ஏற்றும் என்று காட்டுகிற கிளைசீமிக் குறியீடு என்கிற அளவை 1981இல் டேவிட் ஜென்கின்ஸ் குழு வெளியிட்டது ரொறன்ரோவில்தான். அம்மாவின் நாக்கைப் பார்த்த அதே ஊர்.

ஆகவே வடிவத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றினோம். தம்பலகாமத்து நெல்லில் தவிடு போகாத சிவப்பு அரிசி ஒரு பிடி, அதற்குச் சமமாகப் பயறு. குழையவிடாமல், அரிசி பல்லில் படுகிற பதத்தில் இறக்க வேண்டும். கடைசியில் ஒரு கை நிறைய முருங்கையிலையோ வல்லாரையோ, ஒரு துண்டு இஞ்சி, தேங்காய் முதற்பால் இரண்டு கரண்டி மட்டும். குடிப்பதற்கு முன் ஒரு அவித்த முட்டை அல்லது முதல் நாள் மீன் குழம்பில் இரண்டு துண்டு மீன். சலாதுக்குப் பதில் வதக்கிய, அவித்த மரக்கறி. பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து என்று நான் பிடிவாதம் பிடித்திருக்கத் தேவையில்லை. சுண்டிய பொன்னாங்காணியும் நார்தான், அவித்த பயற்றங்காயும் நார்தான்.

முட்டையையும் மீனையும் முதலில் சாப்பிடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2015இல் நியூயோர்க்கில் 11 பேரை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு, மரக்கறியும் புரதமும் முதலில், மாப்பொருள் கடைசியில் என்றால் சாப்பாட்டுக்குப் பின் சீனி கணிசமாகக் குறைவாக ஏறுவதைக் காட்டியது. 11 பேர் என்பது மிகக் கொஞ்சம்தான். ஆனால் கையில் சீனி பார்க்கிற கருவி இருக்கும்போது பன்னிரண்டாவது ஆளில் நாமே சோதிக்கலாம். சீன விருந்துகளில் சோறோ நூடில்ஸோ கடைசியில்தான் மேசைக்கு வரும். அம்மா ஸ்காபரோவில் அதைக் கண்டிருக்கிறார். "கறியெல்லாம் முடிச்சாப் பிறகு சோறு குடுத்தவை, நான் பிந்திப் போச்சு எண்டு நினைச்சன்."

மருமகன் இடையில் தொலைபேசியில் வந்தார். மரபணுவைப் பார்த்து எதைச் சாப்பிடலாம் என்று சொல்கிற பெட்டி ஒன்று இணையத்தில் விற்கிறதாம், வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டார். நல்ல பிள்ளை, மாமியில் அக்கறை. வேண்டாம் என்றேன். 2018இல் அமெரிக்காவில் 609 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். மரபணு வகைக்கும், கொழுப்புக் குறைந்த உணவா மாப்பொருள் குறைந்த உணவா பொருந்தும் என்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் 1,600க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்விலும், ஆளுக்கேற்ற ஆலோசனை பலன் கொடுத்தது, மரபணுத் தகவலைக் கூட்டியதால் மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் காசுக்குச் சீனி பார்க்கிற பட்டி வாங்கித் தரச் சொன்னேன்.

ஒரே சாப்பாடு ஆளுக்கு ஆள் வேறு விதமாகச் சீனியை ஏற்றும் என்பதை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015இல் 800 பேரில் காட்டியது. சீனரும் சித்தரும் ஆளைப் பார்த்துச் சாப்பாடு சொன்னதன் பின்னால் இருக்கிற அதே உணர்வு. அவர்கள் நாக்கையும் நாடியையும் பார்த்தார்கள், இவர்கள் தோலில் ஒட்டிய கருவியைப் பார்த்தார்கள். எங்களிடம் விரல் நுனியும் பழைய பள்ளிக்கூடக் கொப்பியும் இருந்தன. பட்டி விலை கூட, ஆகவே கிழமையில் இரண்டு நாள் மட்டும், சாப்பிட முன் ஒன்று, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று.

கொப்பி பேசத் தொடங்கியது. வெள்ளை அரிசிக் கஞ்சிக்கு 254. புதுக் கஞ்சி, முட்டை முதலில், 181. பாணுக்கு 243. பிட்டும் மீனும் கத்தரிக்காயும் 190 சொச்சம். அவரை உலுப்பியது இடியப்பம். லேசான சாப்பாடு என்று நினைத்து இரவில் எட்டு, பத்துச் சாப்பிடுகிறவர், அது பாணையே வென்றுவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை தானே நான்கு ஆக்கினார், சொதிக்குப் பதில் மீன் குழம்பு எடுத்தார். இன்னொரு பக்கத்தில் அவர் தானாகவே நாக்கின் கோலத்தையும் வயிற்றின் நிலையையும் எழுதி வந்தார்: "நாக்கு வெள்ளை", "வயிறு சுகம்", "காலமை ஒருக்காப் போனது, இறுக்கம்". அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிறு சரியில்லை என்று எழுதிய நாட்கள், குளிசை விட்டுப்போகக்கூடிய நாட்கள் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

நண்டும் கச்சான் காற்றும்

நண்டில்தான் பெரிய வாக்குவாதம். சீன முறையில் நண்டு மிகவும் குளிர்ச்சி. அதனால்தான் இஞ்சியும் வினாகிரியும் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். எங்களுக்கோ நண்டு சூடு. தடிமனுக்கு மிளகு தூக்கலாகப் போட்ட நண்டு ரசம் குடிக்காத வீடு கடற்கரையில் உண்டா? "இப்ப ஆர் சொல்லுறது சரி?" என்று அம்மா கேட்டார்.

என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, சொல்லவும் கூடாது. சூடு, குளிர்ச்சி என்பவை வெப்பமானியில் வருகிற அளவுகள் இல்லை, ஒவ்வொரு ஊரும் தன் உடம்பைக் கவனித்துப் போட்ட வகைப்பாடு. பயறு இரண்டு பேருக்கும் குளிர்ச்சி, இஞ்சி இரண்டு பேருக்கும் சூடு. நண்டில் பிரிகிறார்கள். அளவையால் சொல்லக்கூடியது ஒன்றுதான். நண்டில் நல்ல புரதம் இருக்கிறது, மாப்பொருள் அநேகமாக இல்லை, உப்பைக் குறைத்துச் சமைத்தால் சீனிக்கும் பிரஷருக்கும் கெடுதல் இல்லை. கருவாட்டைத்தான் குறைக்கச் சொன்னேன். நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் எல்லை, ஒரு கருவாட்டுக் குழம்பே அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். நண்டு ஞாயிற்றுக்கிழமை மேசைக்குத் திரும்பியது. அவர் கணவருக்குத்தான் அதில் பெரிய சந்தோஷம்.

இன்னொன்றும் சொன்னேன். காலத்துக்கு ஏற்ப, இடத்துக்கு ஏற்ப, ஆளுக்கு ஏற்ப என்பது சீன மருத்துவத்தின் அடிப்படை விதி. அந்தத் தாள் ரொறன்ரோப் பனியில், ஜனவரி மாதம் எழுதப்பட்டது. குளிர்ந்த சாப்பாடு வேண்டாம் என்பதை யூலைக் கச்சானில், கோணேசர் மலைப் பாறை கொதிக்கிற மத்தியானத்தில் பின்பற்றினால் தாளின் விதியையே மீறுகிறோம். அந்த மருத்துவர் இங்கே இருந்திருந்தால் வேறு தாள் எழுதியிருப்பார். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. மோர் திரும்ப வந்தது, உப்பில்லாமல், கறிவேப்பிலை நசுக்கிப் போட்டு.

என்ன மாறியது

பொட்டலம் நிறுத்தி ஐந்தாவது கிழமை பிரஷர் 136க்கு 84, பொட்டாசியம் 3.9. கால் வீக்கம் அதற்கு முன்னமே வற்றிவிட்டது. நவம்பரில் எச்பிஏ1சி 7.4. நிறை இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. வயிறு ஓகஸ்ட் கடைசியிலிருந்து அமைதி. இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைட் மட்டும் அசையவில்லை, அதற்கு வைத்தியர் தனியாகப் பார்க்கிறார்.

இதில் கஞ்சியின் பங்கு எவ்வளவு? சீனி இறங்கியதில் பெரும்பகுதி, குளிசையை விடாமல் போட்டதால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் குளிசையை விடாமல் போட வைத்தது எது? வயிறு குழம்பாததும், தன் வயிற்றைப் பற்றி ஒருவர் கேட்டதும்தான். பிரஷர் இறங்கியதில் உணவுக்கு உரிமை கோர எனக்கு எதுவும் இல்லை. அது பெரும்பாலும் வேரை நிறுத்தியதால்தான். ஒரே ஆளில் இத்தனையையும் ஒரே நேரத்தில் மாற்றியபின் பங்கு பிரிப்பது கடினம். நாக்கின் பல் தடம் மறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: கொஞ்சம் குறைந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. படம் எடுத்து வைக்காததால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கடைசியாக அவர் வந்தது மழை தொடங்கிய ஒரு காலை. நவம்பர் கடைசி, வாடைக் காற்று, கையில் நனைந்த குடை. பேத்திக்கு முதல் பிறந்தநாள், திரும்பக் கனடாவுக்குப் போகிறார். பெட்டிக்குள் சிவப்பு அரிசி இரண்டு கிலோ, வறுத்த பயறு, சீனி பார்க்கிற கருவி. கொப்பியை என் மேசையில் வைத்தார்.

"இதை அந்தச் சீன டொக்டரிட்டையும் காட்டப் போறன் பிள்ளை. அவருக்கும் தெரியத்தானே வேணும்."

முதல் பக்கத்தில் அவர் எடுக்கிற குளிசைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கீழே அதிமதுரத்தின் தாவரவியல் பெயரையும் சீனப் பெயரையும் எழுதி, சிவப்புப் பேனாவால் கோடிட்டு, பொட்டாசியம் 3.1 என்று திகதியோடு குறித்தேன். அவர் அதை வாசிக்கத் தெரியாமல் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, அதே பிளாஸ்டிக் உறைக்குள், மகளின் தாளுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்.